மார்த்தாண்டம் ஸ்டுடியோவுக்கு எந்த மதர்போர்டு?

மார்த்தாண்டம் தம்பி: அக்கா, என் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் இருக்கும் கம்ப்யூட்டர் இன்டெல் 4-ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11-க்கு மாற முடியவில்லை; விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கல்யாண சீசனுக்கு முன் புதியது ஒன்று வாங்கலாம் என்று கடையில் கேட்டபோது இரண்டு கொட்டேஷன் கொடுத்தார்கள். ஒன்றில் இன்டெல் பி860 போர்டும் கோர் அல்ட்ரா 5 225எஃப் பிராசஸரும் இருக்கின்றன. மற்றதில் ஏஎம்டி எக்ஸ்870 போர்டும் ரைசன் 7 9700எக்ஸ் பிராசஸரும் இருக்கின்றன. 870 என்பது பெரிய எண், விலையும் கூடுதல், ஆகவே அதையே எடுக்குமாறு கடைக்காரர் சொல்கிறார்.

தக்கலை சித்தப்பா: எண் பெரிதாக இருப்பதுதான் நல்லது என்றால் 890 என்றும் ஒன்று இருக்க வேண்டுமே, அதை அவர் ஏன் சொல்லவில்லை?

வடசேரி அக்கா: இருக்கிறது, சித்தப்பா. போர்டின் பெயரில் வரும் எண் அதன் சிப்செட்டுடையது, அதாவது மற்ற பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கும் சில்லுடையது. இன்டெல்லின் இசட்890 சிப்செட் 2024 அக்டோபரில் வந்தது. பி860-உம் எச்810-உம் 2025 ஜனவரியில் வந்தன. ஆனால் இன்டெல்லின் எண்ணையும் ஏஎம்டியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. தம்பி, உன் கையில் இப்போது என்னென்ன இருக்கின்றன, எதையெல்லாம் புதியதில் மாட்ட நினைக்கிறாய் என்பதை முதலில் எழுது.

மார்த்தாண்டம் தம்பி: ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, பழைய கல்யாணங்கள் கிடக்கும் நான்கு சாட்டா ஹார்ட் டிஸ்க்குகள், நண்பரிடமிருந்து வாங்கி வைத்த 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஆகியவை இருக்கின்றன. புதிதாக இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) போட வேண்டும். கேமரா 4கே, 10-பிட், 4:2:2 முறையில், அதாவது நிற விவரம் கூடுதலாக இருக்கும்படி, பதிவு செய்கிறது. எடிட் செய்யும்போது படம் நின்று நின்று ஓடுவதுதான் இப்போதைய பெரிய தொல்லை.

வடசேரி அக்கா: அந்த ரேமை விற்றுவிடு. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டுகள் 2022-இல் வந்த நாளிலிருந்தே டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கின்றன. இன்டெல்லில் முந்தைய தலைமுறை வரை டிடிஆர்4 போர்டுகளும் கிடைத்தன, இந்தப் புதிய எல்ஜிஏ 1851 சாக்கெட்டோடு அதுவும் நின்றுவிட்டது. ரேமின் அடியில் இருக்கும் வெட்டுப் பள்ளமே வேறு இடத்தில் இருப்பதால், அழுத்தினாலும் அது ஸ்லாட்டில் இறங்காது.

இனி சிப்செட்டுக்கு வருகிறேன். ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, முதல் எஸ்எஸ்டி ஆகியவை பிராசஸரோடு நேரடியாக இணைகின்றன. மற்ற எஸ்எஸ்டிகள், சாட்டா டிஸ்க்குகள், பெரும்பாலான யுஎஸ்பி போர்ட்கள், நெட்வொர்க் எல்லாம் சிப்செட்டில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரே இணைப்பின் வழியாகப் பிராசஸருக்குப் போகின்றன. உன் ஊர் மேம்பாலத்தை நினைத்துக்கொள்: எத்தனை கிளைச் சாலைகள் வந்து ஏறினாலும் மேலே பாலத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு வண்டிதான் போகும். அந்த அகலம் பி860-இல் பிசிஐஇ (பாகங்களை இணைக்கும் அதிவேகப் பாதை) 4.0 வேகத்தில் நான்கு தடங்கள், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. இசட்890-இல் எட்டுத் தடங்கள், அதன் இரு மடங்கு. சிப்செட் தன் பங்குக்குக் கொடுக்கும் பிசிஐஇ தடங்களும் இசட்890-இல் 24, பி860-இல் 14, எச்810-இல் வெறும் 8.

மார்த்தாண்டம் தம்பி: அப்படியானால் பாதி அகலமுள்ள பி860 எனக்குப் போதாதோ?

வடசேரி அக்கா: தாராளமாகப் போதும். 10 ஜிபிபிஎஸ் யுஎஸ்பியில் மாட்டிய கார்டு ரீடர் எவ்வளவு முயன்றாலும் விநாடிக்கு ஒரு ஜிபியைத் தாண்டாது. சாட்டா ஹார்ட் டிஸ்க் அதிலும் கால்வாசிதான். கேமரா கார்டிலிருந்து இறக்கிக்கொண்டே நான்கு டிஸ்க்கிலும் நகல் எடுத்தாலும் பாலம் நிறையாது. இசட்890-க்கான கூடுதல் பணம் பிராசஸரை ஓவர்கிளாக் செய்பவர்களுக்கும் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்கும்), வேகமான எஸ்எஸ்டிகளை வரிசையாக அடுக்குபவர்களுக்கும்தான் பயன்படும்.

என் பார்வையில் இந்தத் தலைமுறையின் உண்மையான முன்னேற்றம் சிப்செட்டில் இல்லை, பிராசஸரின் பக்கத்தில் இருக்கிறது. இன்டெல்லின் முந்தைய எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பிராசஸர் கொடுத்தவை கிராஃபிக்ஸுக்கு 16 பிசிஐஇ 5.0 தடங்களும் எஸ்எஸ்டிக்கு நான்கு 4.0 தடங்களும்தான், பிசிஐஇ 5.0 எஸ்எஸ்டி வேண்டுமென்றால் போர்டுக்காரர்கள் கிராஃபிக்ஸ் கார்டின் தடங்களைப் பிய்த்துக் கொடுத்தார்கள், கார்டு 16-இலிருந்து 8-க்கு இறங்கியது. கோர் அல்ட்ரா 200 வரிசையில் கிராஃபிக்ஸின் 16 தடங்களைத் தொடாமலே, ஒரு எஸ்எஸ்டிக்கு நான்கு 5.0 தடங்களும் இன்னொன்றுக்கு நான்கு 4.0 தடங்களும் தனியாக இருக்கின்றன. 5.0 எஸ்எஸ்டி சிப்செட்டையும் கிராஃபிக்ஸின் தடங்களையும் தொடாமல் ஓடுவது உன் வேலைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் சில பி860 போர்டுகளில் அந்த 5.0 ஸ்லாட்டை விட்டுவிடுகிறார்கள். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பாமல் போர்டின் விவரப் பட்டியலைப் பார்.

குளச்சல் அத்தை: மக்களே, கடைக்காரர் சொன்ன மற்றப் போர்டைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே.

வடசேரி அக்கா: சொல்கிறேன், அத்தை. எக்ஸ்870-இல் இருக்கும் சிலிக்கான் 2022-இல் பி650-இல் வந்த அதே ப்ரோமன்டரி 21 சில்லுதான். முந்தைய எக்ஸ்670-இல் அந்தச் சில்லு இரண்டு இருந்தது. எக்ஸ்870-இல் ஒன்றே ஒன்று, இரண்டு வேண்டுமென்றால் எக்ஸ்870இ-க்குப் போக வேண்டும். ஆக, எண் ஏறியிருக்கிறது, சில்லு குறைந்திருக்கிறது! புதிதாக வந்ததெல்லாம் விதிமுறைதான்: எக்ஸ்870 என்று பெயர் வைத்தால் கிராஃபிக்ஸுக்கும் எஸ்எஸ்டிக்கும் பிசிஐஇ 5.0 கொடுக்க வேண்டும், 40 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி4 போர்ட்டும் கட்டாயம் வைக்க வேண்டும்.

அந்த யுஎஸ்பி4-க்கான தனிச் சில்லு பிராசஸரிடமிருந்து நான்கு தடங்களை எடுத்துக்கொள்வதால், பல போர்டுகளில் இரண்டாவது எஸ்எஸ்டி ஸ்லாட்டில் எதையாவது மாட்டினால் யுஎஸ்பி4-இன் வேகம் பாதியாகும், அல்லது இரண்டில் ஒன்று நின்றுவிடும். 40 ஜிபிபிஎஸ் வெளி டிரைவ் எதுவும் உன்னிடம் இல்லை. பயன்படுத்தாத போர்ட்டுக்குப் பணமும் கொடுத்து ஸ்லாட்டையும் ஏன் இழக்க வேண்டும்? ஏஎம்டிதான் வேண்டுமென்றால் யுஎஸ்பி4 கட்டாயமில்லாத பி850 போதும். ஒரு நல்லதையும் சொல்லியாக வேண்டும்: ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது, 2022-இல் வாங்கிய போர்டுகூட பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தால் ரைசன் 9000-ஐ ஏற்கிறது. சில வருடம் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு அதுவே மேல்.

மார்த்தாண்டம் தம்பி: நான் பிராசஸரை மட்டும் மாற்றுகிறவன் இல்லை, அக்கா. அப்படியானால் பி860 கொட்டேஷனை உறுதி செய்துவிடட்டுமா?

வடசேரி அக்கா: அவசரப்படாதே, அதில் ஓர் எழுத்து உறுத்துகிறது. 225எஃப் என்பதன் கடைசியில் இருக்கும் எஃப், உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. 4:2:2 10-பிட் எச்.265 முறையில் சுருக்கிய வீடியோவை இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் தானே பிரித்துக் காட்டும். உன் ஜிடிஎக்ஸ் 1650-ஆலும் ரைசன் 9700எக்ஸின் உள் கிராஃபிக்ஸாலும் அது முடியாது. படம் நின்று நின்று ஓடும் தொல்லைக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது, சிப்செட்டில் அல்ல. எஃப் இல்லாத 225-ஐக் கேள். விலையில் கொஞ்சம்தான் வேறுபடும்.

தக்கலை சித்தப்பா: என் கடையில் பில் போடும் 8-ஆம் தலைமுறைக் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டுமா? போன ஐப்பசி இடியில் நெட்வொர்க் போர்ட் போனதிலிருந்து வைஃபையில்தான் ஓடுகிறது. புதிய போர்டுகள் இடியைத் தாங்குமா?

வடசேரி அக்கா: மாற்ற வேண்டாம், சித்தப்பா, அதில் விண்டோஸ் 11 ஓடும். எந்தப் புதிய சிப்செட்டும் இடியைத் தாங்காது. துலாமழைக் காலத்தில் என் கடைக்கு வரும் போர்டுகளைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்க நெட்வொர்க் போர்ட்டின் அருகில் இருக்கும் சிறு சில்லு பொரிந்து, சுற்றிலும் பழுப்புக் கறை படிந்திருக்கும். மானம் இருட்டினால் பிளக்கை மட்டுமல்ல, மோடத்திலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

மார்த்தாண்டம் தம்பி: கடைக்காரரிடம் பேசிவிட்டேன். எஃப் இல்லாத 225, 5.0 ஸ்லாட் உள்ள பி860 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 என்று கொட்டேஷனை மாற்றித் தருகிறார். போர்டில் சாட்டா போர்ட்கள் நான்கு இருக்கின்றன. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வடசேரி அக்கா: பார்த்தேன். மூன்றாவது எம்.2 (எஸ்எஸ்டி மாட்டும்) ஸ்லாட்டில் சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால் நான்காவது சாட்டா போர்ட் அணைந்துவிடும் என்று அடிக்குறிப்பில் இருக்கிறது. உனக்கு எஸ்எஸ்டி இரண்டுதான் என்பதால் அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிடு. ரேம் 16 ஜிபி வீதம் இரண்டாக இருக்க வேண்டும், இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் மாட்ட வேண்டும். விண்டோஸ் ஏற்றும் முன் பயாஸைப் புதுப்பிக்கச் சொல்; மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டினாலும், பயாஸில் உள் கிராஃபிக்ஸை அணையாமல் வைக்கச் சொல்.