வில்லைப்புரையோ, மப்போ, மங்கலோ?

கோண்டாவில்:
எல்லாருக்கும் வணக்கம். கற்றரக்ட் (கண்புரை) ஒப்பரேசன் செய்த சீனி வருத்தக்காரருக்கு உள்ளுக்கை வைச்ச லென்ஸே பிறகு வெள்ளையாகிறதைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் தமிழிலை செய்யிறன், புதன்கிழமை அச்சுக்குப் போகோணும், நான் இன்னும் தலைப்பிலையே நிக்கிறன். "உள்விழி வில்லை ஒளிபுகாமை" எண்டு எழுதி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட, "உதென்ன, குளிசையே?" எண்டு கேக்கிறா. அவவிலை பிழையில்லை, மருந்துக்கும் வில்லை எண்டு சொல்லுறதுதானே. ஆராவது ஒரு சொல் தாங்கோ.

மானிப்பாய் மாஸ்டர்:
பிள்ளை, தேடி அலையாதேங்கோ. "வில்லைப்புரை". புரை எண்டா குற்றம், "புரைதீர்ந்த நன்மை" எண்டு வள்ளுவர் சொன்னது. ஆனா தொல்காப்பியர் உரியியலிலை "புரை உயர்பாகும்" எண்டுறார், உவம உருபிலையும் "புரைய" இருக்கு. புரையோடின புண், சாப்பிடேக்கை புரைக்கேறுறது, உதெல்லாம் துளை எண்ட அடியிலையிருந்து வந்ததெண்டுதான் என்ரை எண்ணம், துளையிலையிருந்து உயர்வு எப்பிடி வந்ததெண்டு பிறகு விரிவா எழுதுறன்.

டொக்டர் தம்பி:
மாஸ்டர், எழுதுங்கோ, ஆனா புரை இதுக்குச் சரிவராது. ஒப்பரேசனுக்குப் பிறகு ரண்டு விதமா மங்கும். கூடுதலா வாறது லென்ஸுக்குப் பின்னாலை இருக்கிற பை, அதாவது கண்ணின்ரை சொந்த வில்லையை மூடியிருந்த மெல்லிய சவ்வு, மங்கிறது. யாக் லேசராலை பையிலை ஒரு வாசல் திறந்துவிட்டா ஆள் அண்டைக்கே வீட்டை போகலாம். பிள்ளை கேக்கிறது மற்றதை. நீர்நாட்ட (தண்ணியை உள்ளுக்கை இழுக்கிற) அக்ரிலிக்கிலை செய்த சில லென்சுகளிலை கல்சியம் பொசுபேற்று பொடிப்பொடியாப் படியும், சிலருக்கு மாதங்களிலை, சிலருக்கு வருசங்களுக்குப் பிறகு. சீனி வருத்தத்திலை ரத்தத்துக்கும் கண் முன்னறைத் தண்ணிக்கும் இடையிலை இருக்கிற தடுப்புப் பழுதாகி பொசுபேற்று கூடிறது ஒரு காரணமெண்டு சொல்லுகினம். இதுக்கு லேசர் அடிச்சுப் பிரியோசனமில்லை, லென்ஸைக் கழட்டி வேறை வைக்கோணும். பை மங்கினதெண்டு நினைச்சு முதலே லேசர் அடிச்சிருந்தா பையிலை ஓட்டை விழுந்திடும், பிறகு லென்ஸ் மாத்திறது பெரிய வில்லங்கம். "புரை" எண்டு போட்டா சனம் பழைய கற்றரக்ட் திரும்ப முளைச்சிட்டுது எண்டு நினைக்கும், ரண்டையும் பிரிச்சுக் காட்டாத சொல் எனக்கு வேண்டாம்.

உரும்பிராய் ரீச்சர்:
"ஒளிபுகாமை"யும் பிழைதான். எங்கட விஞ்ஞானப் புத்தகத்திலை ஊடுகாட்டும், ஒளிகசியும், ஒளிபுகா எண்டு மூண்டு வகை. இந்த லென்ஸ் ஒளியை முற்றா மறிக்கேல்லையே, சிதறடிச்சுக் கசியவிடுது. நான் சொல்லுறன் "வில்லை மப்பு". மப்பும் மந்தாரமும் எண்டா எந்த ஆச்சிக்கும் விளங்கும்.

இப்ப சென்னை, முந்தி சுன்னாகம்:
ரீச்சர், இஞ்சை மப்பெண்டா குடிவெறி. கண் ஒப்பரேசன் முடிஞ்சு ஐயாவுக்கு மப்பு எண்டா மருமகள் வேறை மாதிரிப் பாப்பா.

மானிப்பாய் மாஸ்டர்:
சென்னைக்காரருக்காக நாங்கள் எங்கட சொல்லை விடோணுமோ? அமெரிக்க மிசனறி கிறீன் வைத்தியர் 1847இலை இஞ்சை வந்து, பிறகு எங்கட மானிப்பாயிலை தமிழிலையே மருத்துவம் படிப்பிச்சவர்.

இப்ப சென்னை, முந்தி சுன்னாகம்:
அந்தக் கிறீன்தானே இரசாயனப் புத்தகத்துக்கு "கெமிஸ்தம்" எண்டு பேர் வைச்சவர்? அவருக்கே ஆங்கிலச் சொல்லோடை கோவமில்லை. லென்ஸ் எண்டே போடுங்கோ.

டொக்டர் தம்பி:
"சுண்ணம் படிதல்" எண்டு போடலாமோ எண்டும் பாத்தன். ஆனா எல்லா லென்ஸ் மங்கலும் கல்சியத்தாலை வாறதில்லை, நீர்வெறுப்பு (தண்ணியை அவ்வளவா உள்ளுக்கை விடாத) அக்ரிலிக்கிலை சின்னச் சின்ன நீர்க்குமிழி மாதிரி மினுங்கிறதும் இருக்கு.

கோண்டாவில்:
இரவாப்போச்சு. "லென்ஸ் மங்கல்", "பை மங்கல்" எண்டு ரண்டையும் பக்கத்திலை பக்கத்திலை போடுறன், கீழை "லேசருக்கு முதல் எது மங்கினதெண்டு டொக்டரிட்டைக் கேளுங்கோ" எண்டு ஒரு வரி. டொக்டர் தம்பி ஓமெண்டிட்டார், ரீச்சரும் அரைமனசா ஓம்.

மானிப்பாய் மாஸ்டர்:
மங்கிறது ஆளின்ரை பார்வை, லென்ஸுக்கு வந்தது குற்றம். "கண் மங்குது" எண்டு வாற ஆளிட்டை "லென்ஸ் மங்கல்" எண்டா வருத்தமெது குணமெதெண்டு ஒண்டும் விளங்காது. அச்சடிக்கிறதெண்டா அடியுங்கோ, நன்றி சொல்லுற இடத்திலை என்ரை பேர் வேண்டாம்.