‘இன்ஸ்டிங்க்ட்’: உள்ளுணர்வா, குறிப்பறிவா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலில் லைன்பேக்கர் (தடுக்கும் அணியின் இரண்டாம் அடுக்கு வீரர்) பகுதியை முடிப்பதற்கு முன்பு, ‘இன்ஸ்டிங்க்ட்’ என்பதற்கு நேரே நாம் எழுதி வைத்திருக்கும் ‘உள்ளுணர்வு’ என்ற சொல்லை நீக்கிவிட்டுக் ‘குறிப்பறிவு’ என்று எழுத வேண்டுமென முன்மொழிகிறேன். கல்லூரி ஆட்டக்காரர்களை மதிப்பிடுவோர் ஒரு லைன்பேக்கரைப் பற்றி எழுதும் அறிக்கையில் அதிக எடையுள்ள சொல் இதுவே என்பதால், இதைப் பிழையாகப் பெயர்த்தால் அறிக்கை முழுவதும் பிழையாகிவிடும்.

உள்ளுணர்வு என்றால் காரணம் சொல்ல முடியாமல் உள்ளிருந்து தோன்றுவது என்றே தமிழில் பொருள் கொள்கிறோம். லைன்பேக்கர் செய்வதோ அதற்கு நேர்மாறானது. தடுக்கும் அணியின் முன்வரிசைக்குச் சில கெஜம் பின்னால் நிற்கும் அவர், பந்து ஆட்டத்துக்கு வந்த கணத்தில், எதிரணியின் மைய வீரருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளைப் பார்க்கிறார். கார்டின் தலைக்கவசம் தாழ்ந்தபடியே முன்னோக்கிப் பாய்ந்தால் அது பெரும்பாலும் ஓட்டம், அதாவது பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம். தலைக்கவசம் நிமிர்ந்து உடல் பின்வாங்கினால் பந்து வீசப்படப்போகிறது. கார்டு தன் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால் பந்தும் அந்தப் பக்கம் வரக்கூடும். இவை ஒவ்வொன்றும் வெளியே தெரியும் அடையாளம். காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகியவருக்கே அரை நொடிக்குள் புலப்படும் அடையாளம். பயிற்சியாளர்கள் இவற்றைத்தான் ‘கீ’ என்கிறார்கள். நம் பட்டியலின் முதல் வரைவில் இதற்குச் ‘சாவி’ என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு, இந்த ஆட்டத்தை அறியாத வாசகர் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று எண்ணியபோது சிரிப்பு நின்றுவிட்டது. ‘கீ’ என்பது குறிப்பு. அதைப் படிப்பது குறிப்பறிதல்.

இந்தச் சொல்லை நான் புதிதாக உருவாக்கவில்லை. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் வரும் 71ஆம் அதிகாரம், பிறர் முகத்தையும் கண்ணையும் கண்டு அவர் கருத்தை அறிவதைப் பேசுகிறது. அதன் மூன்றாம் குறள், குறிப்பினால் குறிப்பை உணர வல்லவரைத் தன் உறுப்புகளுள் எதைக் கொடுத்தேனும் அரசன் துணையாகக் கொள்ள வேண்டும் என்கிறது. ஒரு வீரரைப் பெறுவதற்காக, கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் ‘டிராஃப்ட்’டில் அணிகள் தம் தெரிவு வாய்ப்புகளை விட்டுக்கொடுப்பதை அறிந்தவர்களுக்கு இக்குறள் புன்னகையை வரவழைக்கும். 2019இல் பிட்ஸ்பர்க் அணி 20ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறி டெவின் புஷ் என்ற லைன்பேக்கரை எடுப்பதற்காக, அவ்வாண்டின் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்து டென்வர் அணிக்குக் கொடுத்தது.

‘நுண்ணறிவு’ போதுமே என்று குழுமத்தில் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. 12 நிமிடங்களில் 50 வினாக்களுக்கு விடையளிக்கும் வொண்டர்லிக் தேர்வு பல்லாண்டுக் காலம் இவ்வாறு தெரிவுக்கு வரும் கல்லூரி வீரர்களுக்கு நடத்தப்பட்டுப் பின்னர் 2022இல் கைவிடப்பட்டது. அது அளந்தது பொதுவான அறிவுத்திறனையே அன்றி, கார்டின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுகொள்ளும் திறனை அன்று.

வேகத்தையும் வலிமையையும் அளப்பதற்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸில் நடக்கும் சோதனை முகாமில் 40 கெஜ ஓட்டம், 225 பவுண்டு எடையைத் தூக்கும் எண்ணிக்கை, நின்ற இடத்திலிருந்து தாவும் உயரம் ஆகிய எல்லாம் பதிவாகின்றன. ஆனால் குறிப்பறிவுக்கு அங்கே ஒரு கடிகாரமும் இல்லை. 2020இல் 40 கெஜத்தை 4.39 நொடியில் கடந்த ஐசையா சிம்மன்ஸை அரிசோனா அணி 8ஆவதாக எடுத்தது; அவருக்கு நிலையான ஆட்ட இடம் அமையாமலே போய், 2023இல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். 2009இல் 4ஆவதாகச் சியாட்டில் அணிக்குச் சென்ற ஏரன் கரி, முந்தைய ஆண்டில் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதைப் பெற்றவர். ஆபத்தில்லாத தெரிவு என்று அப்போது புகழப்பட்டவர். 2011இலேயே சியாட்டில் அவரை ஓக்லண்டுக்கு விட்டுக்கொடுத்தது. அதே சியாட்டில் 2012இல் 47ஆவதாக எடுத்த பாபி வாக்னர், நிமோனியா காய்ச்சலால் அந்த முகாமுக்கே வராதவர். தம் தலைமுறையின் மிகச் சிறந்த லைன்பேக்கர்களுள் ஒருவரானார். 1996இல் ஐந்தாம் சுற்றில் 154ஆவதாக மயாமி அணிக்குச் சென்ற சாக் தாமஸ், உயரம் ஆறடிக்கும் குறைவு என்று ஒதுக்கப்பட்டவர். 2023இல் அவர் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். வாக்னரையும் தாமஸையும் பற்றிய பாராட்டில் தவறாமல் வரும் சொல் ‘இன்ஸ்டிங்க்ட்’. அங்கே உள்ளுணர்வு என்று எழுதினால், அவர்கள் உழைத்துச் சேர்த்ததைப் பிறவிக் கொடையாக மாற்றிவிடுகிறோம்.

எதிர்ப்பக்க வாதம் ஒன்றுக்கு நான் இடமளிக்கிறேன். குறிப்பு தெரியும் முன்பே உடல் நகர்ந்துவிடுவது போலத் தோன்றும் ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்களை விளக்குவதற்கு உள்ளுணர்வு பொருந்தாதா என்று கேட்கலாம். 2012இல் கரோலினா அணி 9ஆவதாக எடுத்த லூக் கீக்லி, எதிரணியின் ஆட்டத்தைப் பந்து நகரும் முன்பே உரக்கக் கூறித் தம் அணியினரை இடம்மாற்றுவதற்குப் பெயர்பெற்றவர். ஆனால் அவர் கண்டதும் எதிரணியினர் நின்ற வரிசையையும் இடைவெளியையும்தான். குறிப்பு முன்னதாகவே கிடைத்தது, குறிப்பில்லாமல் கிடைக்கவில்லை.

குறிப்பறிவு என்று வைத்துக்கொண்டால் கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. ஓட்டம் போலப் பாவனை காட்டி லைன்பேக்கரை முன்னே இழுத்து, அவர் விட்டுச் சென்ற வெற்றிடத்தில் பந்தை வீசும் உத்தியில் காட்டப்படுவது ‘பொய்க்குறிப்பு’. கல்லூரி ஆட்டங்களில், தடுப்பவரின் நகர்வைப் பார்த்து ஓட்டமா வீச்சா என்று குவார்ட்டர்பேக் (பந்தை வீசும் வீரர்) கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டமுறை மிகுதி. அங்கே கார்டுகள் ஓட்டத்துக்கே உரிய குறிப்பைத் தருகையில் பந்து வீசப்பட்டுவிடலாம். கார்டு போன்றோர் வீச்சின்போது கல்லூரி விதிப்படி 3 கெஜமும் தொழில்முறை விதிப்படி 1 கெஜமும் முன்னே செல்லலாம் என்பதால், கல்லூரியில் இந்தக் குழப்பம் கூடுதல். காணொளியில் தயங்கி நிற்பவரெல்லாம் குறிப்பறிவு குறைந்தவர் அல்லர் என்று மதிப்பீட்டாளர்கள் எழுதுவது இதனால்தான். இவ்வகைக் குறிப்பை ‘இருபொருட்குறிப்பு’ எனலாமா என்று நண்பர்கள் சொல்ல வேண்டும்.

லைன்பேக்கர் என்பதற்கு வந்த ‘கூழைதாங்கி’ என்ற பரிந்துரை எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது; உடைந்த படைக்குள் புகுந்து அதன் பின்வரிசையான கூழையைத் தாங்கி நிற்பவனைத் தொல்காப்பியம் தும்பைத் திணையில் பேசுகிறது. ஆனால் லைன்பேக்கருக்குப் பின்னாலும் ஓர் அடுக்கு வீரர்கள் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, இன்று கூழை என்றால் கும்பிடுதான் நினைவுக்கு வரும். ‘நடுவரணர்’ என்றால், அவர்களுள் நடுவில் நிற்பவரை ‘நடு நடுவரணர்’ என்று அழைக்க நேரிடும். ‘இடையரணர்’ எனக்குச் சம்மதம். செய்தியில் எழுதுவோர் லைன்பேக்கர் என்றே எழுதினாலும் குறையில்லை.

‘டிராஃப்ட்’ என்பதற்கு ‘ஏலம்’ என்று எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். அங்கே எவரும் விலை கூறுவதில்லை. 32 அணிகள், முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணியிலிருந்து தொடங்கி, ஏழு சுற்றுகளில் முறைவைத்து எடுக்கின்றன. ‘முறைவழித் தெரிவு’ என்பது என் பரிந்துரை.