ஓடத் தெரியாமல் ஓடிய கதை: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரிக்காரர்:

காட்பாடி ஸ்டேஷனில் ஏலகிரி எக்ஸ்பிரஸைத் தவறவிட்ட காலையில்தான் இது தொடங்கியது. படி ஏறி இறங்கி பிளாட்பாரத்துக்கு வந்தபோது வண்டி நகர ஆரம்பித்திருந்தது. ஒரு நாற்பது எட்டு ஓடியிருப்பேன். வாயில் இரும்பு ருசி, காதுக்குள் டம் டம் என்று சத்தம். கடைசிப் பெட்டியும் என்னைத் தாண்டிப் போய்விட்டது. டீ விற்றுக்கொண்டிருந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா சார், அடுத்த வண்டி கீது, குந்து மொதல்ல" என்றார். குந்தினேன். எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அப்போது எனக்கு 43 வயது, 94 கிலோ.

அந்த வாரமே கோட்டைக்குள் போய் நின்றேன், விடியற்காலை ஐந்தேகாலுக்கு. பள்ளிக்கூடத்தில் ஓடிய நூறு மீட்டர்தான் எனக்குத் தெரிந்த ஒரே ஓட்டம். அதையே ஓடினேன். ஒரு நிமிடம் முடிவதற்குள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இப்படியே மூன்று நாள். நான்காம் நாள் வீட்டு மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்தது. சரி, நமக்கும் ஓட்டத்துக்கும் ராசியில்லை என்று விட்டுவிட்டேன். வேலூரைப் பற்றி 'தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்' என்று கேலி பேசுவார்கள் அல்லவா, அதோடு ஓட்டமில்லாத மனுஷன் என்று என்னையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மனைவி சொன்னாள். (சாமியில்லாத கோயில் என்பது 1981-இலேயே பொய்யாகிவிட்டது. கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார். கேலிதான் இன்னும் போகவில்லை.)

இரண்டு மாதம் கழித்து ஆபீஸில் ஒரு தம்பி வழி சொன்னான். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தன் அம்மாவையும் ஓட வைக்கலாம் என்று போட்ட திட்டமாம், 'கவுச் டு 5கே' என்று பெயர். முதல் வாரக் கணக்கு இதுதான்: ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் போதும். ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம் என்கிறது திட்டம். எனக்குப் பதினேழு வாரம் ஆனது. முதல் வாரத்தையே மூன்று முறை எழுதினேன், அரியர் வைத்த மாதிரி.

60 வினாடி என்றால் அற்பம் என்று தோன்றும். கையில் வியர்வையில் வழுக்கும் போனைப் பார்த்துக்கொண்டே ஓடிப் பாருங்கள், 38-க்கும் 39-க்கும் நடுவில் ஒரு யுகம் இருக்கிறது. தம்பியிடம் புலம்பினேன். "சார், நீங்க இன்னும் ரயிலைத்தான் துரத்திட்டு இருக்கீங்க. பேசிக்கிட்டே ஓட முடியணும், அதுதான் வேகம்" என்றான். கூடப் பேச ஆள் இல்லை. எனவே பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஓடினேன். ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு என்று மூச்சு வாங்காமல் வந்தால் சரியான வேகம். 'நூற்றுப்' என்று சொல்லிவிட்டுக் காற்றைத் தேடினால் குறைக்க வேண்டும். குறைத்தேன். எவ்வளவு குறைத்தேன் என்றால், கோயிலுக்குப் பூக்கூடையோடு நடந்து போகும் ஓர் அம்மா என்னைத் தாண்டிப் போனார். நான் ஓடிக்கொண்டிருந்தேன், அவர் நடந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "மெதுவா வாப்பா, சாமி எங்கயும் பூடாது" என்றார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றுதான் முதல்முறை இருபது நிமிடத்தையும் முடித்தேன்.

இப்போது எடை. ஆறு வாரம் கழித்து ஏறி நின்றால் 94.8. மெஷினைச் சுவரோரம் தள்ளி வைத்து மறுபடி ஏறினேன், அதேதான். காரணம் ரொம்ப தூரத்தில் இல்லை. ஓடி முடித்ததும் நேராக மெஸ்ஸுக்குப் போய், 'உழைச்சிருக்கோமே' என்று பொங்கலும் வடையும் சாப்பிட்டு வந்தேன். கணக்கு எழுதுவதுதான் தொழில், இதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. உத்தேசமாக, ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடை எத்தனை கிலோவோ அத்தனை கலோரி செலவாகும். எனக்கு 94. அன்றைய தூரம் இரண்டரை கிலோமீட்டர், ஆக 235. இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. வெறும் ஓட்டத்தாலேயே அதைக் கரைக்க வேண்டுமானால் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், அதாவது இங்கிருந்து திருவண்ணாமலைக்கு! இதை எழுதிப் பார்த்த பிறகுதான் மெஸ் பக்கம் போவதை நிறுத்தினேன்.

மற்றவர்களும் எழுதுங்கள். என் ஒருவனுக்குத்தான் இப்படியா?

விருதம்பட்டு அக்கா:

உங்களுக்குக் கோட்டை கிடைத்தது. எனக்கு மொட்டை மாடிதான். தெருவில் ஓடக் கூச்சம். நான்கு நாள் கழித்து கீழ் வீட்டம்மா மேலே வந்து, "இன்னாம்மா, காலைல காலைல மசாலா இடிக்கிறியா?" என்று கேட்டார். அப்புறம் நாத்தனாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவள் நடப்பாள், நான் ஓடிப் போய்த் திரும்பி அவளிடம் வருவேன், மறுபடி ஓடுவேன். அவள் ஒரு நாள் வராதபோது பால்கார அண்ணன் வண்டியை நிறுத்தி, "இன்னாக்கா, பஸ்ஸ வுட்டுட்டியா? ஏறு, ஸ்டாண்டாண்ட வுட்றேன்" என்றார். உடம்பு இளைக்க ஓடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறிக்கொண்டேன். காட்பாடியில் இருக்கும் சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை போய் நடந்து திரும்பினேன்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தொடை உரசிப் புண்ணாகும். பருத்தி சுடிதார் வியர்வையில் நனைந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். குளிக்கும்போது தண்ணீர் பட்டால் கத்திவிடுவோம். தேங்காய் எண்ணெய் தடவினேன், சீக்கிரம் காய்ந்துவிட்டது. வாசலின்தான் நின்றது. உள்ளே இறுக்கமான சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட்டு மேலே தளர்ந்த பேண்ட் போட்ட பிறகு அந்தத் தொல்லையே இல்லை. பல பெண்கள் ஓட்டத்தை விடுவது மூச்சு முட்டியதால் அல்ல, இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நாய் துரத்தினால்: ஓடாதீர்கள். நின்று, திரும்பாமல், மெதுவாக நடந்து போய்விடுங்கள். ஓடினால் அதற்கு விளையாட்டு.

ஆம்பூரிலிருந்து:

நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவன். வெளிநாட்டுக்குப் போகிற தோல் ஷூவின் தையலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன். அப்படிப்பட்ட நான் 450 ரூபாய் கேன்வாஸில் ஓடினேன். கடைக்காரர் 'ரன்னிங்தான் சார்' என்றார், நானும் நம்பினேன். மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கம் நெடுக வலி. விரலால் அழுத்தினால் உயிர் போனது. ஓடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்கும். 88 கிலோ ஆள் நான், அந்த அட்டைப் பலகை என்ன தாங்கும்? இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, ஐஸ் வைத்து, நடை மட்டும் வைத்துக்கொண்ட பிறகு சரியானது.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில்தான் ஷூ மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஆபீஸ் ஷூ அளவையே சொல்லி வாங்கினால் நகம் கறுத்து விழும். எனக்கு விழுந்தது.

ராணிப்பேட்டை:

கத்திரி வெயிலில் காலை ஏழரைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, தூங்கிவிட்டேன், ஒரு நாள் விடக்கூடாது என்று வீம்பு. இரண்டாம் கிலோமீட்டரில் தலை கனத்தது. அப்புறம் அந்தக் கொதிக்கிற ரோட்டில் உடம்பெல்லாம் புல்லரித்தது. 'பரவாயில்லை, குளிர்ச்சியாக இருக்கிறதே' என்று நினைத்தேன். அதுதான் ஆபத்தின் அறிகுறி என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவன், வாந்தி எடுத்துவிட்டு அப்படியே சாய்ந்தேன். கூழ் விற்கும் அம்மா ஓடி வந்து தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்ட மோர் கொடுத்தார். காசு வாங்கவில்லை, திட்டினார்: "நெருப்புல ஓட்றியே, ஊட்டுல சொல்ட்டு வந்தியா?"

நம் ஊரில் மே மாதம் ஆறு மணிக்கு மேல் ஓடாதீர்கள். எழ முடியவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், ஒன்றும் குடி முழுகாது.

குடியாத்தம், 58 வயது:

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கவனியுங்கள். மாத்திரை போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் ஓடினேன், கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, வீட்டு வழியே மறந்துபோனது. பெட்டிக்கடையில் கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன், தெளிய நேரமானது. வேர்க்கடலையின் கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும், வெறும் சர்க்கரையோ குளுக்கோஸோதான் சட்டென்று வேலை செய்யும் என்று டாக்டர் பிறகு சொன்னார். மாத்திரையின் அளவையும் மாற்றினார். இப்போது சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம். முட்டி ஒத்துழைக்காததால் ஓட்டம் இல்லை, வேக நடைதான். 6 கிலோ குறைந்திருக்கிறது.

சத்துவாச்சாரிக்காரர்:

எடை குறைந்ததா என்று எல்லாரும் கேட்டதற்கு: இப்போது 81 கிலோ, ஆரம்பித்து 16 மாதம் ஆகிறது. மெஷினைவிட டேப்பை நம்புங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் அளவு. நான் 108-இலிருந்து 97-க்கு வந்திருக்கிறேன், இன்னும் ஏழு பாக்கி. பெல்ட்டில் ஆணி வைத்து நானே இரண்டு ஓட்டை போட்டேன்.

பிரியாணியை விட்டேனா என்று கேட்ட ஆம்பூர் அண்ணனுக்கு: விடவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, அரை பிளேட், கத்திரிக்காய் மட்டும் இரண்டு பங்கு. இரவில் சோற்றுக்குப் பதில் ஒரு உருண்டை கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு. பெரிய தியாகம் ஒன்றுமில்லை, களி எனக்குப் பிடிக்கும்.

5 கிலோமீட்டருக்கு 41 நிமிடம் ஆகிறது. போன வாரம் முதல்முறையாகப் பூக்கூடை அம்மாவைப் பின்னாலிருந்து வந்து தாண்டினேன். கொஞ்சம் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னாப்பா," என்றார், "கோயில்ல யாரனா கூப்ட்டாங்களா?"