அப்பாவுக்கு எல்.ஏ.டி.யில் 80 சதவீத அடைப்பு: உடனே ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

மஞ்சள்காட்டான்:
அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். நேற்று ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற மூன்று பெரிய குழாய்களில் ஒன்றான எல்.ஏ.டி.யில் 80 சதவீதம் அடைப்பாம். மற்ற இரண்டு குழாய்களும் பரவாயில்லை. இரண்டு நாளில் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவோ மாத்திரையிலேயே கரைத்துவிட முடியாதா என்கிறார். பலூன் வைத்து அடைப்பை எடுத்துவிடுவார்களா? ஒன்றும் புரியவில்லை.

பம்புக்காரர்:
தம்பி, நான் கோவையில் முப்பது வருடம் பம்பு ரிப்பேர் பார்த்தவன். 2019இல் எனக்கும் இதே எல்.ஏ.டி.தான். பைப்பில் உப்பு படிகிற மாதிரி, சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் சிரித்துவிட்டுக் காகிதத்தில் வரைந்து காட்டினார். கொழுப்பு மேலாகப் படிவதில்லையாம், குழாயின் சுவருக்குள்ளேயே சேர்ந்து புடைத்துக்கொண்டு வருகிறதாம். பலூனை ஊதி அந்தப் புடைப்பைச் சுவரோடு அமுக்குகிறார்கள். திரும்பச் சுருங்காமலிருக்க ஸ்டென்ட் என்கிற ஒரு கம்பிவலைக் குழாயை விரித்து அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எதையும் வெளியே எடுப்பதில்லை.

வலது மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, அந்த வழியாகவே போனார்கள். முழு நேரமும் விழித்திருந்தேன். பலூன் ஊதும்போது டாக்டர் ‘பன்னிரண்டு’, ‘பதினாலு’ என்றார். என்ன எண் என்று கேட்டேன், தொழில் புத்தி போகுமா. அழுத்தமாம். லாரி டயரில் அடிக்கிற காற்றைவிட அதிகம்! அந்தச் சில விநாடி, படியேறும்போது வருகிற அதே இறுக்கம் வந்தது. பலூன் ரத்தத்தை மறிப்பதால் அப்படி. காற்றை இறக்கியதும் போய்விட்டது.

எனக்கு வைத்த ஸ்டென்ட் 3 மில்லிமீட்டர் அகலம், 28 மில்லிமீட்டர் நீளம். அதை எழுதிக் கொடுத்த அட்டை இன்னும் பர்சில் இருக்கிறது.

இனிதான் முக்கியம். நாலாம் மாதம் பல் பிடுங்கப் போனேன். ரத்தம் நிற்காது, ஐந்து நாள் குளோபிடோக்ரெலை (ஸ்டென்டில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை) நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார் அந்தப் பல் டாக்டர். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரிதான் இதய டாக்டருக்கு போன் போட்டாள். அவர் போனிலேயே சத்தம் போட்டார். கம்பியின் மேல் உள்தோல் வளர்ந்து மூடும்வரை அதில் ரத்தம் உறையலாம். உறைந்தால் நேராக மாரடைப்புதான். மாத்திரையை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

கேத்லேப்_சிஸ்டர்:
பம்புக்காரர் ஐயா சொன்னது சரி. ஒன்று மட்டும் பிரித்துப் பாருங்கள். மாரடைப்பு வந்தவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது இந்தப் பலூன் சிகிச்சை, உயிர் காக்கும், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உங்கள் அப்பாவுடையது நடந்தால் வந்து நின்றால் போகிற வலி. இப்படிப்பட்ட ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த ‘இஸ்கீமியா’ ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால் இறப்பு குறையவில்லை, ஆனால் நெஞ்சுவலி நன்றாகக் குறைந்தது. ஆகவே யோசிக்க நேரம் இருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அடைப்பு எல்.ஏ.டி.யின் ஆரம்பத்திலா, எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன், எவ்வளவு என்றும் கேளுங்கள்.

அம்மாவுக்கு: கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை அடைப்பைக் கரைத்துவிடாது, ஆனால் அந்த அடைப்பு வெடிக்காமல் காக்கும். ஸ்டென்ட் வைத்தாலும் அந்த மாத்திரையை விடக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ வியர்த்தாலோ யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கணக்கப்பிள்ளை:
பணம் கட்டுமுன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கேளுங்கள். 2017 பிப்ரவரியிலிருந்து ஸ்டென்டுக்கு அரசு உச்சவரம்பு உண்டு. பில்லில் அதன் விலை தனியாக இருக்க வேண்டும்.

மஞ்சள்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. இன்று போய்க் கேட்டோம். அடைப்பு ஆரம்பத்தில் இல்லை, பம்பிங் நன்றாக இருக்கிறதாம். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து ஒரு மாதம் பார்ப்போம், வலி அடங்காவிட்டால் ஸ்டென்ட் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அப்பாவுக்கு ஒரே கவலை: வைத்தால் அப்புறம் ஸ்கூட்டர் ஓட்டலாமா?

பம்புக்காரர்:
நான் ஒரு வாரத்தில் டாக்டரைக் கேட்டுவிட்டு ஓட்டினேன். கிக்கர் மட்டும் உதைக்கவில்லை, பையன் உதைத்துக் கொடுத்தான்.