மறுமொழி: மோதலுக்குப் பின் மூளும் தீ: ‘அபாயக் காரணி’ பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். வண்டிகள் மோதியபின் மூளும் தீ பற்றிய மீட்புப் பணியாளர் கையேட்டில், ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்பதை ‘அபாயக் காரணி’ என்று எழுதலாமா என்ற கேள்விக்கு என் மறுமொழி இது.

> பின்பக்க டேங்க், அதிவேகம், பழைய வண்டி, சூடேறிய புகைக்குழாய் ஆகிய நான்கையும் ‘அபாயக் காரணிகள்’ என்று எழுதினால் போதாதா?

போதாது ஐயா. புகைக்குழாயை மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் நிறுத்தியது இந்தச் சொல்லால் வந்த கோளாறு. காரணி என்றதும் படிப்பவர் மனம் காரணம் என்றே எடுத்துக்கொள்கிறது. ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்பது ஒன்று நேரும் வாய்ப்பைக் கூட்டுவது மட்டுமே. டேங்க் பின்அச்சுக்கும் பின்னால் இருக்கும் காரை இன்னொரு வண்டி பின்னாலிருந்து இடித்தால், டேங்க் நசுங்கிக் கிழியும் வாய்ப்பு கூடுகிறது. தீ மூள்வதற்கு, ஒழுகிய எரிபொருள் ஆவியாகிக் காற்றில் கலந்து, அறுந்த மின்கம்பியின் பொறியிலோ புகைக்குழாய், டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) போன்ற கொதிக்கும் உலோகத்திலோ பட வேண்டும். இந்தப் பொறிக்கும் உலோகத்துக்கும் ‘தீமூட்டி’ என்று தனிப்பெயர் வேண்டுகிறேன்.

பிரித்தால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். டீசலைப் பாருங்கள். பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸிலும் பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே பொறிக்கு அருகில் பெட்ரோலே பேராபத்து. ஆனால் பொறியே இல்லாமல் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ள, ஆய்வகச் சோதனையில் டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைந்த வெப்பநிலை போதும். (திறந்த இடத்தில் சிந்தும்போது உலோகம் அதைவிட வெகுவாகச் சூடேறியிருக்க வேண்டும்.) எந்தத் தீமூட்டி பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் எந்த எரிபொருள் மோசம் என்று சொல்ல இயலாது. எல்லாவற்றையும் காரணி என்றால் இந்த உறவே மறைந்துவிடும்.

என் பரிந்துரை ‘இடர்கூட்டி’. இடரைக் கூட்டுவது என்று விரிவதால் இடையில் ஒற்று மிகாது. எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: மோதல் அதிர்வை உணர்ந்து எரிபொருள் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஓர் ‘இடர்குறைப்பி’.

> கூட்டி என்றால் வீட்டைக் கூட்டுவது நினைவுக்கு வருகிறதே?

வரலாம் அம்மா. ஆனால் விலையைக் கூட்டினார்கள், ஒலியைக் கூட்டு என்றும் நாள்தோறும் சொல்கிறோம். முன்னால் இடர் நிற்கும்போது துடைப்பம் நினைவுக்கு வராது என்று நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். கதவு நெளிந்து திறக்க முடியாமல் போவதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அதனால் தீ மூளும் வாய்ப்பு கூடுவதில்லை. உள்ளே இருப்பவர் வெளியேற முடியாமல் உயிரிழக்கும் வாய்ப்பே கூடுகிறது. மீட்புப் பணியாளர் கையேட்டில் இந்த இரண்டும் கலந்துவிடக் கூடாது. ‘தீயிடர்கூட்டி’, ‘உயிரிடர்கூட்டி’ என்று எதன் இடர் என்பதைச் சேர்த்தே எழுதுவோம்.

மின்வண்டிக்கு என் பிரிவினை அப்படியே பொருந்தவில்லை. லித்தியம் மின்கலம் நசுங்கினால் உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுச் சூடு கலத்துக்குக் கலம் தாவுகிறது. எரிவதும் மூட்டுவதும் அங்கே ஒன்றே. அணைத்தபின் பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும். சூடு இப்படிக் கட்டுக்கடங்காமல் பெருகும் ‘தெர்மல் ரன்அவே’க்குக் குழுமத்தில் முன்மொழிந்த ‘வெப்ப ஓட்டம்’ வேண்டாம். அது வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதையே குறிக்கும். ‘வெப்பக் கட்டுமீறல்’ எப்படி? தனி இழையில் பேசலாம்.

அன்புடன்.