மறு: மறு: டோன் மேப்பிங் – திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சியில் இருந்து, வெள்ளி இரவு

வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒளிப்படம் பற்றி ஒரு பயிற்சித்தாள் அடிக்கிறேன். திங்கள் காலை போட்டோக்கொப்பிக்குப் போக வேண்டும். எல்லாம் தமிழில் வந்துவிட்டது, டோன் மேப்பிங் மட்டும் நிற்கிறது. (டோன் என்று எழுதுவதா ரோன் என்று எழுதுவதா என்ற சண்டையை இன்னொரு நாள் பிடிப்போம்.)

விஷயம் இதுதான். மத்தியானம் வகுப்புக்குள் இருந்து யன்னல் பக்கம் படம் எடுத்தோம். கரும்பலகை தெரிய எடுத்தால் வெளியே வயல் வெறும் வெள்ளைத்தாள். வயல் தெரிய எடுத்தால் முன்வாங்குப் பிள்ளைகள் கரிக்கட்டை. வெளியே வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவில் அடிக்கிறது, உள்ளே மூலையில் சில நூறுதான். வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்து ஒன்றாக்கினால் இரண்டும் கோப்புக்குள் வந்துவிடும். ஆனால் எங்கள் திரையில் ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரைதான் படி. அவ்வளவு பெரிய வீச்சை இந்தச் சின்னப் படிக்கட்டில் இருத்துகிற வேலைக்குத்தான் பெயர் கேட்கிறேன். 'தொனிப் படமாக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். "ரீச்சர், இது சங்கீதமா?" என்றாள் ஒருத்தி. படத்தை என்னத்துக்குத் திரும்பப் படமாக்குவது என்று இன்னொருவன்.

முள்ளியவளையில் இருந்து, சனி காலை

பிள்ளை, தொனி வேண்டாம். த்வனியின் திரிபு அது, ஒலியை விட்டு வராது. 'ஒளியடக்கம்' என்று வையுங்கள். நடுவில் யகர உடம்படுமெய், புணர்ச்சியில் ஒரு கரைச்சலும் இல்லை. அடங்குதல் என்றால் பணிவது மட்டுமா? 'இந்தப் பெட்டிக்குள் இவ்வளவும் அடங்குமா' என்று கேட்கிறோமே. இங்கே இரண்டு பொருளும் வேலை செய்கிறது. குறளின் 13ஆம் அதிகாரமும் முதற் குறளிலேயே அடங்காமையை இருளோடுதான் சேர்க்கிறது.

இன்னொன்று. நாங்கள் இருக்கும் வன்னிக்கே பழைய பெயர் அடங்காப்பற்று. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சிலர் அதைத் தீராத ஆசை என்று உரை சொல்லித் திரிகிறார்கள், பிழை. பற்று என்பது நிலப்பிரிவு. கருநாவல்பற்று, மேல்பற்று எல்லாம் அப்படி வந்தவைதான். இதைப் பற்றி விரிவாக இன்னொரு மடல் எழுதுகிறேன்.

மாங்குளம் ஸ்டூடியோவில் இருந்து, சனி மத்தியானம்

சேர் மன்னிக்க வேண்டும். நான் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடிக்கிறவன். அடக்கம் என்ற சொல் அதில் எந்த வரியில் வரும் என்று எனக்குத் தெரியும். அதைப் படத்துக்குப் போட்டால் கலியாண வீட்டுக்காரர் அடிக்க வருவார்கள். இங்கே எல்லாருக்கும் அது எச்டிஆர்தான், வெளிச்சமும் இருட்டும் சேர்ந்து விழப் போனில் அமுக்குகிற அந்தப் பொத்தான். கூறைச்சேலைச் சரிகை வெள்ளையாகப் போனால் 'எரிஞ்சிட்டு' என்போம், விளங்கும்.

சொல் கேட்கிறதென்றால் எனக்கு வேறொன்று வேண்டும். அந்த எச்டிஆரைக் கூட்டி வைத்தால் பனைமரத்தின் வட்டைச் சுற்றி வானத்தில் ஒரு வெள்ளை வளையம் வருகிறது. பேய்ப்படம் மாதிரி. அதற்கு என்ன பெயர்?

டொரண்டோவில் இருந்து (ஊர் புதுக்குடியிருப்பு)

அண்ணை, போன் இரண்டு வேலையை ஒரே அமுக்கில் செய்வதால்தான் இந்தக் குழப்பம். பல படங்களை ஒன்றாக்குவது ஒன்று. டெபெவெக், மாலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் எழுதியது அதை. ரீச்சர் கேட்பது அதற்குப் பிறகு வருவது. 2002இல் ரைன்ஹார்ட் குழுவினர் கொடுத்த வழியின் எளிய வடிவம் ஒரு வகுத்தல்தான்: ஒளிர்வை, அதோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகு. 0.1 போட்டால் 0.09, கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். 9 போட்டால் 0.9. 99 போட்டால் 0.99. எவ்வளவு போட்டாலும் 1ஐத் தொடாது, 1தான் திரையின் உச்ச வெள்ளை, ரீச்சர் சொன்ன அந்த 255. இருட்டை அதிகம் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் நெரிக்கிறது. அதனால் 'சுருக்கம்' பொருந்தாது, அது கோப்புச் சுருக்கத்துக்கும் போய்விட்டது.

இரணைமடுக் குளம் நிரம்பி நின்றாலும் வாய்க்காலுக்கு வாய்க்காலின் அளவுதானே? துருசு திறந்து அளவாக விடுவது இது. எரிந்து வெள்ளையாவது, குளம் தாங்காமல் வான் பாய்வது. 'ஒளிப்பங்கீடு' என்றால் என்ன?

வளையம் வருவது, ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து மாற்றும்போது. இருண்ட மரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வானத்தைத் தேவைக்கு மேல் வெளுக்கிறது.

முள்ளியவளையில் இருந்து

வளையத்துக்குச் சொல் கிடக்கிறது: ஊர்கோள். நிலவைச் சுற்றிப் போடுவது. எடுத்துக்கொள்ளுங்கள்.

துருசு உவமை அரைவாசிதான் சரி தம்பி. துருசு திறந்தால் மிச்சத் தண்ணீர் குளத்தில் நிற்கும். இங்கே மிச்சம் எங்கே நிற்கிறது?

கிளிநொச்சியில் இருந்து, ஞாயிறு இரவு 11 மணி

பங்கீடு என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அம்மா உடனே "அட்டையைக் கொண்டு போனியா?" என்றார். நிவாரண வரிசையில் நின்ற ஊரில் அந்தச் சொல் வேறு எதற்கும் ஆகாது.

'ஒளிவீச்சுப் பொருத்தல்' என்று போட்டுவிட்டேன், பக்கத்தில் டோன் மேப்பிங் என்றும் இருக்கிறது. நான்கு பேர் சரி என்றார்கள், அதில் இரண்டு பேர் நித்திரை வருகிறது என்றும் எழுதியிருந்தார்கள். வீச்சு என்றால் பிள்ளைகள் வீச்சு ரொட்டி என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஊர்கோள் அப்படியே போகிறது.

முள்ளியவளையில் இருந்து, திங்கள் அதிகாலை

பொருத்தல் குழாய்க்காரர் வேலை. என் வாக்கு ஒளியடக்கத்துக்குத்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடங்காப்பற்று மடல் இன்று மாலை வரும்.