டொயோட்டா: அந்தப் பெயருக்கு இன்னும் அந்த மதிப்பு உண்டா?

கரிசல்காடு:
அப்பா 2008இல் வாங்கிய இன்னோவா 2.5 டீசல் எங்கள் வீட்டில் இருக்கிறது. 3,80,000 கி.மீ. தாண்டிவிட்டது. 2023இல் பதினைந்து வருடம் முடிந்தபோது எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பித்தோம். இப்போது இதை விற்றுவிட்டு, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடும் புது இன்னோவாவான ஹைகிராஸ் ஹைபிரிட் எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு. "டொயோட்டான்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்கிறார் அப்பா. "அந்த டொயோட்டா வேற, இப்ப இருக்கிறது வேற, பாதி வண்டி மாருதிதான்" என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி? வைத்து ஓட்டியவர்களும் தொழில் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
உங்கள் அப்பா சொல்வதுதான் சரி தம்பி. மதுரையில் பதினெட்டு வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். முதல் வண்டியே செகண்ட் ஹேண்டில் எடுத்த குவாலிஸ்தான். 2000இல் அது வந்தபோது பார்க்கப் பழைய டப்பா மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. 2.4 லிட்டர் டீசல், 75 குதிரைத்திறன், டர்போகூடக் கிடையாது. கெட்டுப்போவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பலம். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் நான் மூன்று இன்னோவா வைத்திருந்தேன். அதில் ஒன்று 5,60,000 கி.மீ. ஓடியது, இன்ஜினைப் பிரிக்கவே இல்லை. ஒவ்வொரு லட்சத்துக்கும் டைமிங் பெல்ட் மாற்றினேன். கிளட்ச் மூன்று முறை. முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்ஷுக்குக் கணக்கே இல்லை, கொடைக்கானல் ஏறி இறங்குகிற வண்டிக்கு அது சாதாரணத் தேய்மானம். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு ராமேஸ்வரம் கிளம்பினால், விடியும்போது அக்னி தீர்த்தத்தில் இறக்கிவிடும் என்று நம்பி நான் தூங்கலாம். டிராவல்ஸ்காரனுக்கு அந்தத் தூக்கம் பெரிய விஷயம்.

திருகாணி:
வைகைக்கரை ஐயாவின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2005 வண்டி நல்லது என்பது இன்றைய வண்டிக்குச் சான்று ஆகாது. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டொயோட்டாவின் முறையைப் பாடமாகப் படித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தோம். அதனால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

2023 டிசம்பரில் டைஹாட்சுவில் என்ன நடந்தது? டொயோட்டாவுக்கு முழுதும் சொந்தமான நிறுவனம் அது. பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்ததாக 64 மாடல்கள் சிக்கின, டொயோட்டா பெயரில் விற்கும் வண்டிகளும் அதில் உண்டு. மோதல் சோதனையில் ஏர்பேக்கை அதன் கம்ப்யூட்டர் விரிக்க வேண்டும், அதற்குப் பதில் டைமர் வைத்து விரித்திருக்கிறார்கள். இதில் மிகப் பழைய முறைகேடு 1989 வரை போகிறது. அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், டொயோட்டாவுக்கு டீசல் இன்ஜின் செய்துகொடுக்கும் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் சிக்கியது. டீசல் இன்ஜின்களின் குதிரைத்திறன் சோதனையில், விற்கிற வண்டியில் இருப்பதல்லாத வேறு மென்பொருளைப் போட்டு அளவீட்டை ஏற்ற இறக்கமில்லாமல் காட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மூன்றையும் அனுப்புவதைச் சில நாள் நிறுத்தினார்கள். நீங்கள் நம்பித் தூங்குகிற அதே டீசல் குடும்பம்தான் ஐயா.

வைகைக்கரை:
செய்தி எனக்கும் தெரியும். அந்த மென்பொருளால் குதிரைத்திறன் குறையவில்லை, இன்ஜின்கள் விதிப்படியான அளவுக்குள்தான் இருக்கின்றன என்று மறுசோதனை செய்து சொன்னார்கள். பிப்ரவரியிலேயே வண்டி வர ஆரம்பித்துவிட்டது. என் கிரிஸ்டா அந்த 2.4 லிட்டர் இன்ஜின்தான், 150 குதிரைத்திறன், இப்போது டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். இரண்டரை லட்சம் ஓடிவிட்டது. ரோட்டில் எனக்குக் குறை தெரியவில்லை. காகிதத்தில் நடந்த தப்பை வண்டியின் மேல் ஏற்றாதீர்கள்.

திருகாணி:
"காகிதத்தில் நடந்த தப்பு" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. தரம் என்பதே அந்தக் காகிதம்தான் ஐயா. ஒரு பாகத்தை அளந்து, அளவு தவறினால் தவறு என்று எழுதுகிற கை நேர்மையாக இருந்தால்தான், நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு நம்பிக் கிளம்பலாம். இந்த முறை அளவு சரியாக இருந்தது. அடுத்த முறையும் சரியாக இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம், சோதனையே ஒழுங்காக நடக்கவில்லை என்றால்?

இன்னொன்று. டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் என்பது யாரோ அல்ல. சகிச்சி டொயோடா கண்டுபிடித்த தறியைச் செய்வதற்காக 1926இல் தொடங்கிய தாய் நிறுவனம். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறி அது. தப்பு தெரிந்த நொடியில் நின்றுவிடு, தப்பான துணியை நெய்யாதே என்பதுதான் அதன் மொத்தப் பாடமும். டொயோட்டா தொழிற்சாலையில் தப்பைப் பார்த்த தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்பதும் அதே பாடம்தான். அந்த வீட்டிலேயே தப்பு நடந்துகொண்டிருக்க, கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்த ஒரு ஆள் இல்லை.

நகோயாவாசி:
தறியைப் பற்றிப் பேச்சு வந்ததால் நடுவில் வருகிறேன். வேலைக்காக ஜப்பானில் நகோயாவில் ஆறு வருடமாக இருக்கிறேன். இங்கே டொயோட்டாவின் பழைய செங்கல் ஆலையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1924இல் வந்த ஜி வகைத் தறியை நம் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டுவார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்ததும் தறி அப்படியே நிற்கும். குறுக்கு நூலை இங்கும் அங்கும் கொண்டுபோகும் நாடாவில் நூல் தீர்ந்தால் மட்டும் நிற்காது, ஓட்டத்திலேயே புது நாடாவை மாற்றிக்கொள்ளும். எங்கள் தாத்தா ஈரோட்டில் தறி ஓட்டியவர். அறுந்த நூலைப் பார்த்துக்கொண்டே நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பார். இங்கே ஒரே ஆள் வரிசையாகப் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

இந்தத் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு 1,00,000 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். சகிச்சியின் மகன் கிய்ச்சிரோ கார் பக்கம் போனது அந்தக் காலகட்டத்தில்தான். ஆனால் "அந்தக் காலத்து டொயோட்டா தப்பே செய்யாது" என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற மாதிரி எழுதுகிறீர்கள், அது சரியில்லை. 1935இல் வந்த முதல் ஜி1 லாரிகள் அடிக்கடி பழுதாகி வழியில் நின்றன. 1950இல் நிறுவனமே திவாலாகும் நிலைக்கு வந்து, வேலைநிறுத்தம் நடந்து, சுமார் 1,600 பேர் வேலையை விட்டுப் போனார்கள். அதற்குப் பொறுப்பேற்று கிய்ச்சிரோ தலைவர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த சில வாரங்களில் கொரியப் போர் தொடங்கி லாரி ஆர்டர்கள் குவிந்தன, நிறுவனம் பிழைத்தது. அவர் 1952இல் இறந்துவிட்டார், முழு வளர்ச்சியையும் பார்க்கவில்லை. 1957இல் அமெரிக்காவுக்குப் போன கிரவுன் அங்கே நெடுஞ்சாலை வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை, 1960இல் கார் ஏற்றுமதியையே நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் பிறகுதான் 1966இல் கரோலா வந்தது. நம்பகம் இவர்களுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை, ஒவ்வொரு அடியிலும் கற்றுக்கொண்டது.

திருகாணி:
நல்ல தகவல்கள் சகோ. அப்படியானால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அன்று அடிபட்டபோது தலைவர் விலகினார், ஏற்றுமதி நின்றது. 2009–10இல்? ஆக்ஸிலரேட்டர் மிதி சிக்கிக்கொள்வது, தரைவிரிப்பு மிதியில் மாட்டுவது என்று அமெரிக்காவில் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நுகர்வோரிடம் உண்மையை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டாலர் கட்டினார்கள். கற்றுக்கொண்டவர்கள் மறைப்பார்களா?

நகோயாவாசி:
மறைத்தது தப்பு, அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் அந்த விவகாரத்தில் எலக்ட்ரானிக் கோளாறு என்று பரவிய குற்றச்சாட்டை நாசா பொறியாளர்களே ஆராய்ந்து, அப்படி ஒன்றும் அகப்படவில்லை என்று 2011இல் சொன்னார்கள். 2010 பிப்ரவரியில் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, பாதுகாப்பு முதலில், தரம் அடுத்து, எண்ணிக்கை கடைசி என்றிருந்த வரிசை வேகமான வளர்ச்சியில் குழம்பிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். நான் இதைப் பாராட்டாக எழுதவில்லை. டைஹாட்சுவிலும் அதே வரிசைதான் குழம்பியது. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி.

நல்லூர் வடக்கு:
வணக்கம், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இந்தியாவில் ரொயோட்டா என்றால் இன்னோவா. எங்களுக்கு விட்ஸ், அக்சியோ, அக்குவா, அதுக்கு முதல் டொல்பின் வேன். டொல்பின் என்று நாங்கள் சொல்வது பழைய ஹைஏஸைத்தான். போர்க்காலத்திலும் ஓடின, இப்பவும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருசமும் இருக்கிற வாகனத்தை வைத்துத்தான் நாடே ஓடியது. வாங்கின விலையைவிடக் கூட விலைக்குப் பழைய கார் விற்ற காலம் அது.

ஹைபிரிட் எடுக்க யோசிக்கிற தம்பிக்கு ஒரு விசயம். என்னட்டை 2013 அக்குவா இருக்கிறது. ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிய, ஒரு கராஜில் முழுப் பற்றறியும் மாற்ற வேணும் என்று பெரிய தொகை சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அவர் பின்சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற காற்று வாயைத் திறந்து காட்டினார். பற்றறியைக் குளிராக்கிற விசிறி முழுக்கத் தூசியும் நாய்மயிரும். துப்புரவாக்கினதோடு விளக்கு அணைந்தது, இரண்டு வருசமாய்ப் பிரச்சினை இல்லை. எங்கட நாய் பின்சீற்றில்தான் வரும், பிழை எங்கட பக்கம். ஹைபிரிட் எடுத்தால் அந்த வாயை ஒருக்காலும் துணியாலோ பையாலோ மூடி வையாதேங்கோ.

வைகைக்கரை:
நல்லூர் ஐயாவுக்கு நன்றி, இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

திருகாணி தம்பிக்கு: நீங்கள் சொன்ன "அளந்து எழுதுகிற கை" என்பதை நேற்று முழுவதும் யோசித்தேன். என் டிரைவர் ஒருவன் ஆயில் மாற்றாமலேயே மாற்றியதாக நோட்டில் எழுதிவிட்டான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நான் அவனை விடவில்லை. அந்த நியாயத்தை டொயோட்டாவுக்கும் வைக்க வேண்டும் என்பது சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைத்துனர் சொன்ன "பாதி மாருதி" விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். மாருதி வண்டியையே டொயோட்டா தன் பெயரில் விற்பது உண்மைதான்: 2019இல் கிளான்ஸா பலேனோதான், 2020இல் அர்பன் குரூஸர் பிரெஸ்ஸாதான், ரூமியான் எர்டிகாதான், டைஸர் ஃபிராங்ஸ்தான். யாரும் மறைக்கவில்லை. இந்தியாவுக்கென்றே 2010இல் எட்டியோஸ் செய்தார்களே, யார் வாங்கினோம்? மீட்டர் நடுவில் இருக்கிறது, உள்ளே அழகில்லை என்று தள்ளினோம். டாக்ஸிக்காரர்கள் மட்டும்தான் அதன் அருமை தெரிந்து கொண்டாடினோம். 2020இல் அதை நிறுத்திவிட்டார்கள். சின்ன வண்டியில் உழைப்பைப் போட்டும் விற்கவில்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

திருகாணி:
எட்டியோஸ் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அது நல்ல வண்டி. மாருதியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டொயோட்டா என்ற பெயருக்காக ஒருவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்று கேட்கிறேன். முன்பு கிளான்ஸாவுக்கு மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ. வாரண்டி, மாருதிக்கு இரண்டு வருடம் என்ற வித்தியாசமாவது இருந்தது. 2024இல் மாருதியும் மூன்று வருடமாக்கிவிட்டது. இனி எதற்கு? என் தங்கை வீட்டுக்காரர் புக் செய்த ஷோரூமில், அவர்கள் சொல்லும் இன்ஷூரன்ஸும் அலங்காரச் சாமான்களும் வாங்கினால்தான் சீக்கிரம் டெலிவரி என்றார்கள். பெயருக்கு மதிப்பு இருக்கும்வரை இப்படி நடக்கும்.

கரிசல்காடு:
ஷோரூம் தொல்லை எந்தக் கம்பெனி வண்டிக்கும் நடக்கும், அதை விடுங்கள். ஹைகிராஸை மட்டும் பற்றிச் சொல்ல முடியுமா? எங்கள் ஊர்ப் பாதையில் கடைசி நான்கு கி.மீ. மண்ரோடு, மழையில் சேறு.

வைகைக்கரை:
அப்படியானால் யோசிக்க வேண்டும். உங்கள் பழைய இன்னோவாவும் கிரிஸ்டாவும் லாரி மாதிரி சேஸிஸ் வண்டி, பின்சக்கரம் இழுக்கும். ஹைகிராஸ் கார் மாதிரி ஒரே கூடு, முன்சக்கரம் இழுக்கும், டீசலே கிடையாது. நெடுஞ்சாலையில் சொகுசு, ஊருக்குள் மைலேஜ் அதிகம். ஆனால் ஏழு பேரை ஏற்றிச் சேற்றில் ஏறச் சொன்னால் பழைய வண்டியின் தெம்பு வராது.

திருகாணி:
இதில் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆச்சரியமாக இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: டொயோட்டாவில் இன்று நான் கண்ணை மூடி நம்புவது அந்த ஹைபிரிட் அமைப்பைத்தான். 1997இல் பிரியஸில் தொடங்கியது. கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, தேய்வதற்கான பாகங்களே குறைவு. ஹைகிராஸ் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி உண்டு. டவுனில் இருந்தால் எடுங்கள் என்பேன். உங்கள் மண்ரோட்டுக்கு வேண்டாம்.

கரிசல்காடு:
அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். தறி கதையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். டைஹாட்சு விஷயம் அவருக்குத் தெரியாது, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, 2028 வரை ஆர்.சி. இருக்கிறதே, அதுவரை இதையே ஓட்டலாம் என்றார். மைத்துனரும் சரி என்றுவிட்டார். டைமிங் பெல்ட் மாற்றி 90,000 கி.மீ. ஆகிறது.

வைகைக்கரை:
லட்சம் ஆகும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே மாற்றுங்கள். கூடவே டென்ஷனரும் வாட்டர் பம்பும் மாற்றிவிடுங்கள், இரண்டு தடவை பிரிக்க வேண்டாம். சேற்றில் ஓடுகிற வண்டி என்பதால் சேஸிஸின் அடியில் துரு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் வந்தால் நம் மெக்கானிக்கிடமே காட்டலாம், தனிமடல் போடுங்கள்.